தலையில் பட்ட அடியும் தலையெழுத்தும்

பொங்கல் வந்துவிட்டால் செங்கற்பட்டு ஜில்லாவில் கபடிப் போட்டி நடக்காத ஊரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். வேடந்தாங்கல் ஏரியில் பறவைகள் கூடுகட்டிக் குஞ்சு வளர்க்கும் அதே பருவத்தில், சுற்றுப்பட்ட ஊர்த் திடல்களில் ஒலிபெருக்கி கட்டி, விளக்குப் போட்டு, கோப்பையும் ரொக்கமும் வைத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆடுகிறார்கள். ஆடட்டும். இதில் நமக்கு மகிழ்ச்சியே யொழிய வருத்தமில்லை. சாமி ஊர்வலத்துக்கும் வாணவேடிக்கைக்கும் கொட்டுகிற காசில் ஒரு பங்காவது பிள்ளைகளின் உடம்பை வளர்க்கச் செலவாகுமானால் அதை நாம் இரு கை நீட்டி வரவேற்போம். ஆனால் நாம் கேட்பது வேறு. அந்த ஆட்டத்தில் இரண்டு தலைகள் மோதி, ஒரு பையன் கீழே விழுந்து எழுந்திருக்கிறானே, அவனுடைய கதி மறுநாள் என்ன, மறுவாரம் என்ன என்று யாராவது கேட்கிறார்களா என்பதுதான்.

கேட்பதில்லை. நடப்பது என்ன? விழுந்தவன் முகத்தில் தண்ணீரோ சோடாவோ அடிக்கிறார்கள். முகத்துக்கு நேரே இரண்டு விரலை நீட்டி, “இது எத்தனை?” என்கிறார்கள். அவன் “ரெண்டு” என்று சொல்லிவிட்டால் வைத்தியப் பரீட்சை முடிந்துபோகிறது. கூட்டம் கை தட்டுகிறது. மைக்கில் “சிங்கக்குட்டி எழுந்துவிட்டான்” என்கிறார்கள். பையனும் மறுபடி பாடிப் போகிறான்.

அதன் பிறகு பள்ளிக்கூடம் திறக்கிறது. பையனுக்குத் தலை வலிக்கிறது. கரும்பலகையில் எழுத்து ஓடுகிறது. நேற்றுப் படித்தது இன்று நினைவில் நிற்பதில்லை. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. சத்தம் காதைக் குடைகிறது. எப்போதும் இல்லாத கோபம் வருகிறது, காரணமில்லாமல் அழுகையும் வருகிறது. இதற்கு வீட்டில் சொல்லும் காரணம், “கண் பட்டுவிட்டது” அல்லது “காத்துப் பட்டுவிட்டது” என்பது. கொஞ்சம் படித்த வீடாயிருந்தால் ஜாதகத்தைப் புரட்டி, “ஏழரைச் சனி” என்பார்கள். வாத்தியார் சொல்லும் காரணம், “விளையாட்டுப் புத்தி, படிப்பில் சோம்பல்” என்பது. பி.டி. மாஸ்டர் சொல்லும் காரணம், “பயந்துவிட்டான்” என்பது. தாயார் கயிறு கட்டுகிறாள். பூசாரி வேப்பிலையால் அடிக்கிறான். வாத்தியார் பெஞ்சின்மேல் ஏற்றுகிறார். மாஸ்டர் அடுத்த ஆட்டத்துக்குப் பெயர் கொடுக்கிறார். அடிபட்ட தலையை மட்டும் ஒருவரும் விசாரிப்பதில்லை.

இனி அந்தத் தலைக்குள் நடந்தது என்ன என்று பார்ப்போம். மண்டையோடு கெட்டியானது. அதற்குள் இருக்கும் மூளையோ ஏறக்குறைய ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ எடையுள்ள, வெண்ணெய் போன்ற மெத்தென்ற பொருள். அது நீரில் மிதந்துகொண்டிருக்கிறது. தலை சடாரென்று அடிபட்டாலோ, தலையில் படாமலே உடம்பு குலுங்கிக் கழுத்து வெட்டி இழுத்தாலோ மூளை உள்ளே அசைந்து முறுக்கிக்கொள்கிறது. நரம்பணுக்களின் உப்புச் சமநிலை கெடுகிறது. அதைச் சரிசெய்துகொள்ள அவற்றுக்கு வழக்கத்தைவிட அதிகச் சத்து வேண்டியிருக்கிறது. அதே சமயம் இரத்த ஓட்டம் குறைந்துபோகிறது. வரவு குறைந்து செலவு ஏறிய குடும்பத்தின் நிலைமைதான் அப்போது மூளையின் நிலைமை. இதைத்தான் டாக்டர்கள் ‘கன்கஷன்’ என்கிறார்கள். நாம் மூளை அதிர்வு என்று சொல்லலாம். இது கபடிக்கு மட்டும் உரியதன்று. கால்பந்தில் இருவர் தலை மோதினாலும், கிரிக்கெட் பந்து பட்டாலும், கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் அலைச்சறுக்கு ஆடும் பிள்ளைகளின் தலையில் பலகை திரும்பி அடித்தாலும் வருவது இதுவேதான். 2022-இல் அதே மாமல்லபுரத்தில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது, தலைக்கு உள்ளே இருக்கும் சரக்குக்கு உலகமே மரியாதை செய்ததைப் பார்த்தோம். அந்தச் சரக்கு கபடி ஆடும் பிள்ளையின் தலைக்குள்ளும் இருக்கிறதென்பதை மறந்துவிடுகிறோம்.

இங்கே நம்முடைய தோழர்கள் சிலருக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. மூளை அதிர்வு வந்தவர்களில் பெரும்பாலோருக்கு நினைவு தப்புவதே இல்லை. இரத்தம் வருவதில்லை. ஸ்கேன் எடுத்தாலும் பெரும்பாலும் ஒன்றும் தெரிவதில்லை. “ஸ்கேனில் ஒன்றுமில்லை, கண்ணுக்கும் ஒன்றும் தெரியவில்லை, ஆகவே பையனுக்கு ஒன்றுமில்லை” என்று சொல்லிவிடுவது பகுத்தறிவு என்று சிலர் நினைக்கிறார்கள். அது பகுத்தறிவல்ல. ஸ்கேன் என்பது இரத்தக் கசிவும் எலும்பு முறிவும் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. மூளையின் வேலை கெட்டிருக்கிறதா என்பதை அது காட்டாது. கண்ணுக்குத் தெரியாததையெல்லாம் இல்லை என்று தள்ளு என்று நாம் ஒருநாளும் சொன்னதில்லை. காரணம் கேள், சோதித்துப் பார் என்றுதான் சொல்லி வருகிறோம். காய்ச்சலுக்குக் காரணமான கிருமியும் கண்ணுக்குத் தெரிவதில்லை. பேய்க்கும் கிருமிக்கும் உள்ள வித்தியாசம், ஒன்றைச் சோதித்து நிரூபிக்கலாம், மற்றதை நம்பத்தான் முடியும் என்பதே. மூளை அதிர்வை நிரூபிக்கும் சாட்சி அந்தப் பிள்ளையின் நடை, பேச்சு, நினைவு, தூக்கம் ஆகியவைதான். அவற்றை உற்றுப் பார்க்கத் தெரிந்த டாக்டர் வேண்டும். உள்ளதை மறைக்காமல் சொல்லப் பயமில்லாத பிள்ளையும் வேண்டும்.

“அந்தக் காலத்தில் நாங்கள் விழாத விழுக்காடா? எங்களுக்கு என்ன ஆகிவிட்டது?” என்று மீசையை முறுக்குகிறவர்கள் உண்டு. விழுந்து பிழைத்தவன்தான் இப்படிப் பேச முடியும். பிழைக்காதவன் வந்து சாட்சி சொல்வதில்லை. வேண்டுதல் பலித்தவன் கோயிலில் மணி வாங்கிக் கட்டுகிறான். பலிக்காதவன் ‘பலிக்கவில்லை’ என்று ஒரு பலகையும் மாட்டுவதில்லை. அந்தக் கணக்கும் இந்தக் கணக்கும் ஒரே கணக்குத்தான்.

பிழைக்காதவர்களின் கணக்கையும் சற்றுப் பார்ப்போம். இந்தியாவுக்காக ஆடிய டெல்லி கிரிக்கெட் வீரர் ராமன் லாம்பா, 1998 பிப்ரவரி 20-இல் டாக்காவில் ஒரு கிளப் ஆட்டத்தில், மட்டைக்காரனுக்கு மிக அருகில் நின்று பந்து தடுத்துக்கொண்டிருந்தார். ஹெல்மெட் போட்டுக்கொள்ளச் சொன்னதற்கு, ஓவரில் இன்னும் மூன்று பந்துதானே என்று சொல்லிவிட்டதாக உடன் ஆடியவர்கள் சொன்னார்கள். பந்து தலையில் பட்டது. அவர் தாமே நடந்துதான் மைதானத்தைவிட்டு வெளியே போனார். சற்று நேரத்தில் நினைவு தப்பிற்று. மூன்றாம் நாள் இறந்துபோனார். அவருக்கு வந்தது வெறும் அதிர்வல்ல, மண்டைக்குள் இரத்தக் கசிவு. ஆனால் அடிபட்ட முதல் நிமிஷத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும் என்பதையும், நடக்கிறான் என்பதால் நன்றாயிருக்கிறான் என்று அர்த்தமில்லை என்பதையும் நமக்குக் கற்பிக்க இந்த ஒரு சாவு போதாதா?

இன்னொன்று, பள்ளிக்கூடப் பிள்ளையின் கதை. கனடா தேசத்தில் ஒட்டாவா நகரத்தில் ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற 17 வயதுப் பெண், பள்ளி ரக்பி அணியில் ஆடினாள். 2013 மே மாதத்தில் சில நாட்களுக்குள்ளாக ஒன்றுக்கு மேற்பட்ட தடவை தலையில் அடிபட்டாள். தனக்கு மூளை அதிர்வாக இருக்குமோ என்று தோழிகளுக்குச் செய்தி அனுப்பினாள். பெற்றோருக்கும் பயிற்சியாளருக்கும் அது தெரியாது. முதல் அடி ஆறுவதற்குள் அடுத்த அடி விழுந்தது. மூளை வீங்கி இறந்துபோனாள். அந்த நாட்டார், “விதி முடிந்தது” என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்காரவில்லை. 2015-இல் விசாரணை நடத்தினார்கள். 2018-இல் ஒண்டாரியோ மாகாணத்தில் அவள் பெயராலேயே ‘ரோவன் சட்டம்’ செய்தார்கள். தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தால் பிள்ளையை உடனே ஆட்டத்திலிருந்து எடுக்க வேண்டும், டாக்டரின் அனுமதியில்லாமல் திருப்பி விடக் கூடாது என்பது அதன் சாரம். நமது நாட்டிலோ ஒரு பிள்ளையின் சாவுக்குப் பிறகு பெரும்பாலும் நடப்பது கருமாதி. அங்கே நடந்தது சட்டம். அவர்களுக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் பணத்தில் மட்டுமில்லை.

இது ஏதோ நேற்று முளைத்த புதுச் சங்கதியுமல்ல. அடிமேல் அடி வாங்கிய குத்துச்சண்டைக்காரர்கள் நடை தள்ளாடி, நாக்குக் குழறி, புத்தி மழுங்கிப்போவதை ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க டாக்டர் 1928-லேயே எழுதிவைத்தார். நூறு வருஷத்துக்குச் சமீபமாகத் தெரிந்த ஒரு விஷயம் நம் ஊர்த் திடலுக்கு இன்னும் வந்து சேரவில்லை என்றால் குற்றம் யாருடையது?

நிற்க. அப்படியானால் பிள்ளைகளை விளையாட விடாதே என்கிறோமா? இல்லவே இல்லை. அடிபட்ட பிள்ளை மறுபடி படிக்க வேண்டும், மறுபடி ஆட வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறோம். திரும்பிப் போவதற்கு ஒரு வழி இருக்கிறது. உலகத்து விளையாட்டு மருத்துவர்கள் 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடி ஆராய்ந்து 2023-இல் வெளியிட்ட முடிவுகள் அந்த வழியைத் தெளிவாகவே சொல்லுகின்றன.

அடிபட்ட அன்று மறுபடி ஆட்டம் கூடாது. முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு, செல்போன், டி.வி. பார்ப்பதைக் குறைக்க வேண்டும். வீட்டுக்குள் நடமாடலாம், மெள்ள நடக்கலாம். பிறகு பாடம்: முதலில் வீட்டில் சிறிது நேரம் படிப்பது, பிறகு அரை நாள் பள்ளி, பிறகு முழு நாள். தலை வலித்தால் இடையில் இளைப்பாற விட வேண்டும். பரீட்சையைத் தள்ளிவைக்க வேண்டும். விளையாட்டும் அப்படியே படிப்படியாக வர வேண்டும்: இலேசான ஓட்டம், பிறகு தனியாகச் செய்யும் பயிற்சி, தொந்தரவு அடியோடு நீங்கி, முழுநேரம் படிக்க முடிந்து, டாக்டரும் சம்மதித்த பிறகே உடம்பு மோதாத கூட்டுப் பயிற்சி, பிறகு மோதும் பயிற்சி, கடைசியில்தான் போட்டி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். தொந்தரவு அதிகப்பட்டால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். பிள்ளைகளில் பெரும்பாலோர் நாலு வாரத்துக்குள் தேறிவிடுகிறார்கள். 2023-இல் பிரிட்டிஷ் சர்க்கார் சாதாரண ஆட்டக்காரர்களுக்கு வெளியிட்ட விதி, 21 நாளைக்கு முன் போட்டியில் இறங்கக் கூடாது என்பது. ஆகப் பள்ளிக்கூடம் முந்தி, மைதானம் பிந்தி. பாடத்தைத் தாங்காத தலை பிடியைத் தாங்குமா?

தலைவலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஆடுவதைப்போல முட்டாள்தனம் வேறில்லை. வீடு எரியும்போது புகை தெரியாமலிருக்க ஜன்னலைச் சாத்துவதற்கு ஒப்பானது அது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முன்பு டாக்டர்களே, இருட்டறையில் நாள்கணக்கில் படுத்திரு என்றார்கள். ஆராய்ச்சி செய்து பார்த்ததில், இரண்டு நாளைக்கு மேல் அடைத்துவைப்பது குணமாவதைத் தாமதப்படுத்துகிறது என்று கண்டு, அதை மாற்றிக்கொண்டார்கள். இதைக் காட்டி, “விஞ்ஞானம் தினம் ஒன்று சொல்கிறது” என்று வைதிகர்கள் பரிகசிக்கலாம். நேற்றுச் சொன்னது தப்பென்று இன்று தெரிந்தால் மாற்றிக்கொள்வதுதான் விஞ்ஞானத்தின் யோக்கியதை. பூசாரியின் வேப்பிலையோ பாட்டன் காலத்தில் அடித்தபடியேதான் இன்றும் அடிக்கிறது.

சில அடையாளங்களைக் கண்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, கை கால் மரத்துப் பலமிழத்தல், பேச்சுக் குழறல், எழுப்பினாலும் எழாத மயக்கம், காதிலோ மூக்கிலோ நீரோ இரத்தமோ வடிதல் ஆகிய இவற்றில் ஏதொன்று கண்டாலும் 108-ஐக் கூப்பிட வேண்டும். செங்கற்பட்டில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. குறி கேட்டுவிட்டுப் போகலாம் என்பவன் பிள்ளையின் உயிரை உண்டியலில் போடுகிறவனாவான்.

பெண் பிள்ளைகள் விஷயம் இன்னும் மோசம். ஆண் பிள்ளை விழுந்தால் “சிங்கம்” என்று மறுபடி ஆடத் தள்ளுகிறார்கள். பெண் பிள்ளை விழுந்து தலை சுற்றுகிறது என்றால், ஒன்று பேய் பிடித்தது என்கிறார்கள், அல்லது “இதற்குத்தான் பொம்பளைப் பிள்ளைக்கு ஆட்டம் எதற்கென்றேன்” என்று அடியோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒருவனை அறிவின்றி உள்ளே தள்ளுவதும், ஒருத்தியை அறிவின்றி வெளியே தள்ளுவதும் ஒரே மூடத்தனத்தின் இரண்டு கைகள். 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடியில் தங்கம் வென்று வந்த இந்தியப் பெண்கள் அணியில், சென்னை கண்ணகி நகர்ப் பெண்ணொருத்தி இருந்தாள். அப்படிப்பட்ட ஏழைப் பெண்களுக்கு விளையாட்டு, வெளியேறும் வாசல். அந்த வாசலை மூடுவதற்கு ஒரு தலைவலியைச் சாக்காக்க நாம் சம்மதியோம். ஆறவிட்டுத் திரும்பி வா என்று சொல்லும் விதிதான் அவளைக் காப்பாற்றும்.

ஏழைப் பிள்ளைகள் வலியை மறைப்பதற்கும் காரணம் இருக்கிறது. விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜில் ஒரு இடம், போலீஸிலோ ரயில்வேயிலோ ஒரு வேலை, இதுதான் அவர்கள் கனவு. “தலை வலிக்கிறது” என்று வாய் திறந்தால் இடம் அடுத்தவனுக்குப் போய்விடுமோ என்று பயப்படுகிறார்கள். முதுகில் புண்பட்டான் என்றால் பெற்ற தாயும் வெறுப்பாள் என்று பாடிய நாடல்லவா இது! அந்த வீரப் பேச்சில் மயங்கிப் பிள்ளை வலியை மறைக்கிறான். கூட்டம் அதை வீரம் என்கிறது. உள்ளதைச் சொல்லத் துணிவதல்லவா வீரம்?

2020 டிசம்பரில் கான்பெரா நகரத்தில் ரவீந்திர ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பந்து பட்டது. அவர் தொடர்ந்து மட்டை பிடித்து 44 ஓட்டம் எடுத்தார். இடைவேளையில் தலை சுற்றுவதாகச் சொன்னதும் டாக்டர் அவரை உட்காரவைத்தார். 2019-இல் வந்த சர்வதேச விதிப்படி சாஹல் அவருக்குப் பதிலாக இறங்கிப் பந்து வீசினார். ஜடேஜாவை யாராவது பயந்தாங்கொள்ளி என்றார்களா? கோடிக்கணக்கில் சம்பாதிக்கிற ஆட்டக்காரன் தலைக்கு டாக்டரும் விதியும் மாற்று ஆளும் இருக்கும்போது, கூலிக்காரன் மகனுடைய தலைக்குச் சோடா புட்டியும் இரண்டு விரலும்தானா?

ஊரார் நினைத்தால் முடியும் என்பதற்கு அத்தாட்சி வேறெங்கும் தேட வேண்டாம். வேடந்தாங்கல் என்ற பெயரே வேடர் வந்து வேட்டையாடிய ஏரி என்று பொருள்பட வந்தது என்பார்கள். அந்த ஊரார், பறவையின் எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதைக் கண்ணால் கண்டு, பறவைகளைக் காத்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட வந்தபோது கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798-இல் செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ், அவர்கள் உரிமையை எழுத்திலேயே ஒப்புக்கொண்டார். பறவை மிரளும் என்பதற்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது. எந்தச் சாமியும் சொல்லி அவர்கள் இதைச் செய்யவில்லை. காரணம் தெரிந்து செய்தார்கள். பறவையின் கூட்டுக்கு அமைதி வேண்டுமென்று அறிந்த ஜனங்கள், அடிபட்ட பிள்ளையின் மூளைக்குச் சில நாள் அமைதி வேண்டுமென்று அறியமாட்டார்களா?

சர்க்காருக்கும் இது புதிதல்ல. சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைச் சர்க்கார் செலவில் தரும் திட்டத்தை, 2021 டிசம்பர் 18-இல், இதே பக்கத்து மேல்மருவத்தூரில்தான் தொடங்கினார்கள். சாலையில் உடைந்தாலும் திடலில் அதிர்ந்தாலும் தலை தலைதானே?

ஆகவே நாம் சொல்லுவது இவ்வளவுதான்:

1. போட்டி நடத்துகிறவர்கள் கோப்பைக்குச் செலவழிப்பதற்கு முன், தலையில் அடிபட்டவன் அன்று திரும்ப ஆடக் கூடாது, அவனுக்குப் பதில் வேறொருவன் இறங்கலாம் என்ற ஒரு விதியை மைக்கில் படித்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்கட்டும்.

2. எப்போது திரும்புவது என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். ஜெயிப்பதில் லாபமுள்ள மாஸ்டரும், வெற்றியில் பெருமையுள்ள தகப்பனும் முடிவு செய்ய வேண்டாம்.

3. பள்ளி ஆசிரியர்கள் அப்பிள்ளைக்கு அரை நாளும் இளைப்பாறுதலும் பரீட்சைக்குத் தவணையும் கொடுக்கட்டும். தலையில் குட்டும் வழக்கத்தையும் அடியோடு விட்டொழிக்கட்டும். 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் அதைத் தடுத்திருக்கிறது. பிள்ளையாருக்குமுன் தம் தலையில் தாமே குட்டிக்கொள்ள விரும்புகிறவர்கள் குட்டிக்கொள்ளட்டும். பிள்ளைகள் தலையை விட்டுவிடட்டும்.

4. அபாய அடையாளங்களைத் தமிழில் பெரிதாக எழுதி ஒவ்வொரு பள்ளிக்கூடச் சுவரிலும் மாட்டட்டும். ராகுகாலம் எமகண்டம் அச்சடித்த காலண்டர் தொங்கும் ஆணி ஒன்றே போதும். புதிதாக ஆணிகூட அடிக்க வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் பெரும் பணம் தேவையில்லை. தேவையானது, நம் பிள்ளையின் தலைக்குள் நடப்பதற்குக் காரணம் உண்டு, காரணமுள்ளதற்குப் பரிகாரமும் உண்டு என்ற எண்ணம் ஒன்றுதான். தலையெழுத்து என்று எவனும் நம் தலையில் எழுதிவைக்கவில்லை. அடிபட்டது தெரிந்தும் பிள்ளையை மறுபடி களத்தில் தள்ளினால், அந்த எழுத்தை எழுதுகிறவர்கள் நாமேதான் ஆவோம்.